காசி ராசா வேண்டாம்

மதுரை வீரனுக்கு இரண்டு அப்பன். பெத்தவன் காசி ராசா. வளத்தவன் சக்கிலி. கொடி சுத்திப் பொறந்த புள்ள நாட்டுக்கு ஆகாதுன்னு சோசியக்காரன் சொல்ல, காட்டில் கொண்டுபோய்ப் போட்டார்களாம். அதைக் கண்டெடுத்து மார்ல போட்டு வளத்தவள் சக்கிலிச்சி. அந்தப் புள்ளதான் பின்னால் பொம்மண நாயக்கன் மகள் பொம்மியைக் கூட்டிக்கொண்டு போனது. மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தது. செத்த பிறகு சாமியானது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலிலும் நிற்கிறான், எங்கள் காலனி வேப்ப மரத்தடியிலும் நிற்கிறான்.

இந்தக் கதையை நாங்கள் புதுக் கூத்தாகக் கட்டினோம். காசி ராசாவை வெளியே அனுப்பிவிட்டுக் கட்டினோம். அதனால் வந்த சண்டையையும், அதற்குள் நாங்கள் கத்துக்கொண்டதையும் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் என்றால் ஒன்பது பேர். ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவில், பெரிய ரோட்டுக்கு உள்ளடங்கின காலனி. 1970களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் எல்லாம் எங்கள் பக்கம்தான் தயாராகுது. எங்கள் பையன்கள் அந்தப் பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்கிற சின்னக் கம்பெனிகளில் காண்ட்ராக்ட் கூலிகள். நானும் லேத் ஓட்டுகிறவன்தான். பொம்பளைகள் விடியக்காலையில் வேன் ஏறி பாகலூர், தளிப் பக்கம் ரோசாத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, கடையில் தமிழ், ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் கன்னடம். எந்தப் பாஷையில் பேசினாலும் எந்தத் தெரு என்று கேட்கத் தெரிந்தவன் கேட்டுவிடுவான்.

வாத்தியாருக்கு அறுபது தாண்டிவிட்டது. சின்ன வயசில் ஒரு மேல்சாதி ஜமாவுக்குப் பெட்டி தூக்கப் போனவர். பதினோரு வருசம் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் இருக்கிற பெட்டியைத் தலையில் சுமந்தார். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை ராத்திரி ராத்திரி பந்தலுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டே விருத்தம், தரு, வசனம் எல்லாம் மனப்பாடம். கர்ண மோட்சத்தை முதலிலிருந்து கடைசி வரை பாடுவார். ஆனால் அந்த ஜமாவில் ஒருநாளும் அவர் வேஷம் கட்டவில்லை. "கிரீடத்தைத் தலையில தூக்கலாம். தலையில வெச்சுக்கத்தான் கூடாது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வராது.

ஒத்திகை பார்க்க பெங்களூரிலிருந்து வந்த தோழர் ஒருவர், "இது நம்ம ஊரு ஆபரா" என்றார்.

"ஆபரான்னா இன்னாப்பா?"

"கதையப் பாட்டாலயே நடத்திக்கினு போறது. வேஷம், வாத்தியம், பாட்டு மூணும் சேந்தது. வெள்ளக்காரன் ஊர்ல அதுக்குப் பெரிய கொட்டகையெல்லாம் இருக்குது."

"அப்ப நான் பதினோரு வருசம் தூக்கினது ஆபராப் பெட்டியா?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். 1600 வாக்கில் இத்தாலியில் பிறந்த கலை. மாண்டெவெர்டி என்கிறவர் கட்டிய 'ஆர்ஃபியோ' 1607இல் மாந்துவா அரண்மனையில் பிரபுக்களுக்கு மட்டும் நடந்தது. முப்பது வருசம் கழித்து, 1637இல், வெனிஸ் நகரத்தில் டிக்கெட் வாங்கினவன் பார்க்கலாம் என்று கொட்டகை திறந்தார்கள். அங்கே காசு வந்ததும் கதவு திறந்தது. நம்ம கூத்துக்குக் கதவே இல்லை, நடுத்தெருவில்தான் நடக்குது. ஆனால் எவன் எங்கே உட்காரணும், எவன் கிரீடம் வைக்கணும் என்கிற சட்டம் மட்டும் இரும்புக் கதவு.

அமெரிக்காவில் ஸ்காட் ஜாப்ளின் என்று ஒரு கறுப்பர் இருந்தார். மதுக்கடைகளில் பியானோ வாசித்துப் பேர் வாங்கினவர். அடிமைத்தனம் ஒழிந்த பிறகு ஒரு பண்ணைக் கிராமத்தில், படித்த கறுப்பினப் பெண் ஒருத்தி தன் மக்களுக்குத் தலைமை ஏற்கிற கதையை 'ட்ரீமோனிஷா' என்ற பேரில் ஆபராவாக எழுதினார். 1911இல் கைக்காசு போட்டு அச்சடித்தார். மேடை கொடுக்க ஆள் இல்லை. 1915இல் வாத்தியக் குழு இல்லாமல், திரை இல்லாமல், தானே பியானோ வாசித்து ஒருமுறை நடத்திக் காட்டினார். 1917இல் செத்துப்போனார். அது முழு ஆபராவாக மேடை ஏறினது 1972இல். வாத்தியாருக்கு இதைச் சொன்னேன். "அவரும் பெட்டி தூக்கினவருதான்" என்றார்.

இங்கேயும் மேடை கொடுக்கிறான். ஆனால் பிறப்பை மாத்திக்கொண்டு வா என்கிறான். தமிழில் முழுக்கப் பாட்டாகவே நடக்கிற நாடகங்களில் பேர் பெற்றது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம். 1860களின் தொடக்கத்தில் அச்சானது. சேக்கிழார் சொல்லாத ஒரு பார்ப்பனப் பண்ணையாரை அதில் அவர் கொண்டுவந்து வைத்தார். அதனால் பண்ணையாள் படுகிற பாடு மேடைக்கு வந்தது. அது பெரிய காரியம். ஆனால் கடைசியில் நந்தன் நெருப்பில் இறங்கித்தான் தில்லைக்குள் போக முடிந்தது. சேக்கிழார் கணக்குப்படி வெளியே வந்தவன் பூணூல் போட்ட முனிவன். போன புலையன் எங்கே போனான் என்று எவனும் கேட்கவில்லை. காத்தவராயன் கைலாசத்துப் பூந்தோட்டக் காவல்காரனாம், சாபத்தால் பூமிக்கு வந்தானாம். முத்துப்பட்டன் கட்டிக்கொண்ட பொம்மக்காவும் திம்மக்காவும் பகடை வீட்டுப் பெண்கள். பின்னால் வந்த பாட்டுக்காரர்கள் அவர்களையும் பார்ப்பனப் பிறப்பாக்கிவிட்டார்கள். எங்கள் வீரனுக்குக் காசி ராசா. பிறப்பிலே ராசா என்று ஆகிவிட்டால், பொம்மியைக் கட்டினது சாதி மீறல் இல்லை. ராசா மகன் பாளையக்காரன் மகளைக் கட்டினான், அவ்வளவுதான். கொன்னதுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சொல்லித்தான் காசி ராசாவை எடுத்தோம். முதல் எதிர்ப்பு ஊரிலிருந்து வரவில்லை, காலனியிலிருந்தே வந்தது. பெரியவர் ஒருத்தர், வீரனுக்குப் பொங்கல் வைக்கிறவர், வேப்ப மரத்தடியில் எல்லாரையும் கூட்டிக் கேட்டார். "ராசா வூட்டுப் புள்ளன்னு இருக்கறதாலதான் ஊர்க்காரனும் வந்து வீரனக் கும்புடறான். அத்தையும் எடுத்துட்டா நமக்கு இன்னாடா மிச்சம்?" அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. நூறு வருசமா எங்கள் ஆட்கள் தலை நிமிர்த்திச் சொன்ன ஒரே வார்த்தை அந்த 'ராசா'தான். படிச்ச பையன்கள் நாலு பேர் வந்து அதைப் பிடுங்கினால் கோபம் வராதா?

பதில் சொன்னது என் அத்தை. தெலுங்கில்தான் சொன்னது. "ஊர்க்காரன் வந்து கும்புட்டான், சரி அண்ணா. கும்புட்டுட்டுப் போறப்ப நம்ம வூட்ல தண்ணி வாங்கிக் குடிச்சானா?" பெரியவர் எழுந்து போய்விட்டார்.

தப்புக்கும் சண்டை வந்தது. கூத்தில் ஆர்மோனியம் உண்டு, மிருதங்கம் உண்டு, தாளம் உண்டு. தப்பு எழவுக்கும் தேர் முன்னாலயும்தான், கூத்து வாத்தியத்தோடு உட்காராது. நாங்கள் அதை ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். சொல்வது சுலபம். தப்பு அடித்தால் பாட்டு முங்கிப்போகும். வைக்கோல் கொளுத்திக் காய்ச்சினால் ஒரு சத்தம், பனி இறங்கினால் வேறு சத்தம். ஆர்மோனியம் பிடித்த சுருதியை விடாது. இரண்டு மாசம் தவித்தோம். கடைசியில் தப்புக்காரத் தம்பியே வழி கண்டான். பாட்டுக்கு அடியில் கொட்டாமல், ஒரு அடி முடிந்து அடுத்த அடி எடுக்கிற இடைவெளியில் கொட்டினான். தாய் பாடுகிற இடத்தில் தடிக்குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மெலிசான நீளக் குச்சியை மட்டும் ஓட்டினான். பாட்டுக்குத் தப்பு பதில் சொல்கிற மாதிரி ஆச்சு.

புதுக் கதையைக் கூத்தில் கட்டலாமா என்று கேட்டவர்களுக்கு, முன்னாலேயே வழி போட்டவர்கள் உண்டு. புரிசை கண்ணப்பத் தம்பிரான் வழியினர் மார்க்வெஸ் கதையைக் கூத்தாக்கினார்கள். 1990இல் தொடங்கின கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்துப் பக்கம் பொம்பளைப் பிள்ளைகளுக்கும் கூத்துக் கத்துக்கொடுத்தது. கே.ஏ. குணசேகரன் 1990களில் 'பலி ஆடுகள்' நாடகத்தைத் தலித் நாடகம் என்று பேர் சொல்லியே கொண்டுவந்தார். தப்பும் நாட்டுப்புறப் பாட்டும் பல்கலைக்கழக மேடை ஏறினதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் பெரிய எதிரி ஷிப்டு. ஏ ஷிப்டுக்காரன் வரும்போது பி ஷிப்டுக்காரன் போவான். சி ஷிப்டுக்காரன் ஒத்திகையில் நின்றபடியே தூங்குவான். அதனால் ஒவ்வொரு வேஷத்தையும் இரண்டு பேர் பாடம் பண்ணினோம். பொம்மண நாயக்கன் தெலுங்கில் பாடினான், எங்கள் சக்கிலியும் தெலுங்கில் பாடினான். பாஷை ஒண்ணு, தெரு வேற. கேட்கிறவனுக்கு அது நாங்கள் விளக்காமலே புரிந்தது. கட்டியங்காரன் மட்டும் மூணு பாஷையிலும் புகுந்து, செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்துகிற மாதிரி எல்லா வேஷத்தையும் நிறுத்தி, "எந்த ஊரு? எந்தத் தெரு?" என்று கேட்டான்.

வீரன் வேஷம் என் அத்தை மகனுக்கு. நல்ல குரல், நல்ல உயரம். அத்தை முடியாது என்றது. காரணம் எல்லாருக்கும் தெரியும். 2018 நவம்பரில் எங்கள் சூளகிரிப் பக்கத்துப் பையன் ஒருத்தனையும் அவனைக் கட்டிக்கொண்ட பெண்ணையும் சாதிக்காகக் கொன்று காவிரியில் போட்டார்கள். பிணங்கள் கர்நாடகத்தில் சிவனசமுத்திரத்துப் பக்கம் கிடைத்தன. பையன் தலித், பெண் வேறு சாதி. அன்றிலிருந்து எங்கள் தாய்மார்கள் மகன் போனை எடுக்கவில்லை என்றால் வாசலில் வந்து நிற்கிறார்கள். "கூத்துல கூட எம்மவன் அந்தப் பொண்ணு கையைப் புடிக்க வேணாம். பாக்கறவன் கண்ணு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டது அத்தை. என்னிடம் பதில் இல்லை.

ஒரு வாரம் கழித்து அதுவே வந்தது. "அவன் ஏறினா நானும் ஏறுவேன்." வீரனை வளத்த தாய்க்கு நாங்கள் பாடின பழைய கூத்தில் ஒரு தரு கூட முழுசாக இல்லை. ரோசாவுக்கு மருந்தடித்து விரல் தோல் உரிந்த கையோடு அத்தை உட்கார்ந்து, எழவு வீட்டு ஒப்பாரி மெட்டில் பாடப் பாட நான் எழுதினேன். "பாத்துப் பெத்தேன்" என்றது. கண்டெடுத்தேன் என்று எழுதலாமே, மெட்டுக்கு உட்காரும் என்றேன். "நான்தான் பெத்தேன். எழுது" என்றது. காசி ராசா போனது அந்த இடத்தில்தான். நாங்கள் பேசின பேச்சிலெல்லாம் போகவில்லை.

கடைசிக் காட்சிக்கு மறுபடி தகராறு. மகன் கைகால் வெட்டப்பட்டுக் கிடக்க அத்தை சம்மதிக்கவில்லை. வெட்டுப்படாமல் வீரன் ஏது, சாமி ஏது என்றார் வாத்தியார். இரண்டு பேர் பிடிக்கிற திரைதான் வழி காட்டியது. வெட்டுகிறவர்கள் திரைக்குப் பின்னாலேயே நின்றார்கள். கால்கள் மட்டும் கீழே தெரிந்தன. கூத்தில் திரை விலகினால் வேஷம் தன் பேரையும் ஊரையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தத் திரை விலகவே இல்லை. தாய் திரையைப் பார்த்து, "வெளிய வா, உன் பேரச் சொல்லு" என்று பாடினாள்.

ஆடி மாசம் காலனியில் நடத்தினோம். ஊர்த் திருவிழாவில் விடிய விடிய ஓடுகிற மைக், எங்களுக்குப் பத்து மணிக்கு நிற்கணும் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். 2000ஆம் வருசத்து ஒலி மாசு விதி அப்படித்தான் சொல்கிறது. அது எங்களுக்கு மட்டும் ஞாபகப்படுத்தப்படுகிறது. பத்து அடித்தபோது கடைசிக் காட்சி பாக்கி இருந்தது. மைக்கை நிறுத்தினோம். தப்பையும் கீழே வைத்தோம். அத்தை வெறும் தொண்டையில் பாடியது. சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்தது. ரோட்டோரம் பைக்கில் உட்கார்ந்து பார்த்த ஊர்ப் பையன்கள் நகரவில்லை. வண்டியையும் கிளப்பவில்லை.

மறுநாள் பொங்கல் வைக்கிற பெரியவர் வந்தார். "காசி ராசா இல்லாத வீரன் எனக்குப் புடிக்கல. ஆனா அந்தப் பொம்பள பாடினதுக்கு ராத்திரி பூரா தூக்கம் வரல" என்றார். அத்தை மகனுக்கு அடுத்த மாசம் காண்ட்ராக்ட் நீட்டவில்லை. ஏன் என்று எவனும் சொல்லவில்லை. இப்போது சூளகிரி மண்டியில் மூட்டை தூக்குகிறான், ஒத்திகைக்கு ஒழுங்காக வருகிறான்.

அடுத்தது காத்தவராயன். அவனைக் கைலாசத்திலிருந்து இறக்க வேண்டும், பாட்டு பாதிதான் ஆகியிருக்கிறது. ஆரியமாலா வேஷத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. நாலு வீட்டில் கேட்டோம், நாலு தாயும் வேண்டாம் என்றார்கள். அத்தை ஐந்தாவது வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறது.