ராயபுரம் ஸ்டேஷனும் ஒரு மீட்டர் பெட்டியும்

விடிஞ்சா ஜூரி. மணி ராத்திரி ஒண்ணேகால். என் கம்ப்யூட்டர்ல ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் கும்மிருட்டுல நின்னுட்டிருந்தது. வீட்ல கரண்ட்டெல்லாம் இருந்துச்சுங்க... இருட்டு ஸ்கிரீனுக்கு உள்ளே!

பி.ஆர்க். படிக்கிறவங்களுக்கு ‘மெஷர்டு டிராயிங்’னு ஒரு சடங்கு உண்டு. பழைய கட்டடம் ஒண்ணைப் பிடிச்சு, டேப்பும் கையுமா இன்ச் இன்ச்சா அளந்து, அப்படியே வரையணும். மத்த டீமெல்லாம் மகாபலிபுரம், செட்டிநாடுனு பஸ் ஏறினாங்க. நாங்க நாலு பேர் ராயபுரம்னு எழுதிக் கொடுத்தோம். எனக்கு வீடு திருவொற்றியூர். தினமும் ரயில்ல அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் போறேன், ஆனா ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

பார்த்திருக்கணும். 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். சென்ட்ரல் ஸ்டேஷன் வந்ததே 1873-லதான். பம்பாயிலும் ஹவுராவிலும் முதல்ல கட்டின ஸ்டேஷன்கள் இப்போ இல்லை. அதனால, இந்தியாவில் மிச்சமிருக்கிற ரயில்வே ஸ்டேஷன் கட்டடங்கள்ல இதுதான் சீனியர்! 2005-ல் புதுப்பிச்சிருக்காங்க. சிவப்புச் சுவர், வெள்ளைத் தூண்கள்னு மாப்பிள்ளை கணக்கா நிக்கும். பக்கத்துல போற கன்டெய்னர் லாரிங்க சத்தத்துல யாரு கவனிக்கிறா?

வேலையைப் பங்கு போட்டோம. அளந்ததை ஆட்டோகேட்ல வரையறது ரெண்டு பேர். அதை ஸ்கெட்ச்அப்ல முப்பரிமாணமா எழுப்புறது என் தோழி. அந்த மாடலை 3டிஎஸ் மேக்ஸ்ல ஏத்தி, மெட்டீரியல் போட்டு, லைட் போட்டு, போட்டோ மாதிரி ரெண்டர் எடுக்குறது நான். ஆசைப்பட்டு நைட் வியூ வேற. மழை பெஞ்ச பிளாட்பாரம், மஞ்சள் விளக்கு... மணிரத்னம் பட ரேஞ்சுக்கு மனசுக்குள்ளே ஓட்டி வச்சிருந்தேன்.

பென்டிரைவ்ல ஃபைல் வந்தது. திறந்தேன். முதல் அடியே செங்கல்லுக்கு. செங்கல் படம் தோழியோட கம்ப்யூட்டர்லயே தங்கிடுச்சு. மாடல் ஃபைலுக்குள்ளே படம் இருக்காது, படம் எந்த ஃபோல்டர்ல இருக்குங்கிற விலாசம்தான் இருக்கும். விலாசத்தை மட்டும் கொடுத்துட்டு ஆளை அனுப்பலைனா எப்படி?

அடுத்தது தூண்கள். பாதி தூண்கள்ல ஓட்டை. ஸ்கெட்ச்அப்ல ஒவ்வொரு பரப்புக்கும் முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் நீலம் கலந்த சாம்பல். எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அது காட்டிடும். நிறைய சாஃப்ட்வேர்கள் அப்படியில்லை, முதுகைக் காட்டுறவனை மதிக்கவே மதிக்காது. உள்ளே வெளியே திரும்பிக் கிடந்த பரப்புகளை ஒண்ணொண்ணா பிடிச்சுத் திருப்பியே பதினொண்ணு ஆச்சு.

சீனியர் சொன்னாருன்னு நாங்க அனுப்பியிருந்தது பழைய 3டிஎஸ் ஃபார்மேட். டாஸ் காலத்து ஆசாமி அது. படத்தோட பேர் எட்டெழுத்தைத் தாண்டினா வெட்டிடும், ஒரு பொருளுக்குள்ளே சுமார் 65 ஆயிரம் புள்ளிகளுக்கு மேல தாங்காது. எஃப்.பி.எக்ஸ்ல மறுபடி வாங்கினேன். பேரெல்லாம் முழுசா வந்துச்சு. சந்தோஷமா விளக்குகளை ஏத்தி ரெண்டர் கொடுத்தேன். கறுப்பு. விளக்கைப் பத்து மடங்கு கூட்டினேன். அப்பவும் கறுப்பு!

அப்போதான் தண்ணி குடிக்க எழுந்த அப்பா என் பின்னாடி வந்து நின்னார்.

இங்கே அப்பாவைப் பத்திச் சொல்லணும். எண்ணூர் பக்கம் ஒரு ஃபவுண்டரியில 27 வருஷம் பேட்டர்ன் மேக்கர். இரும்பை வார்க்கிறதுக்கு முன்னாடி, அதே உருவத்தை மரத்துல செஞ்சு கொடுக்கிற வேலை. அந்த மரத்தை மண்ணுல அழுத்தி எடுத்தா வர்ற பள்ளத்துலதான் இரும்பை ஊத்துவாங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல இருந்து ஃபைல் வந்தது, மெஷினே மரத்தைச் செதுக்குச்சு, அப்பா வி.ஆர்.எஸ். வாங்கிட்டு வீட்டுக்கு வந்தார். எனக்கு இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்ததே அந்தப் பணத்துலதான். ஆனா, ஒருநாளும் அதோட ஸ்கிரீனை அவர் எட்டிப் பார்த்ததில்லை. நானும் ‘வந்து பாருப்பா’னு கூப்பிட்டதில்லை.

“இன்னாமா இது, கரண்ட் போன மாதிரி கீது?”

“லைட் எரியுதுப்பா. வெளிச்சம்தான் வரலை.”

“அவ அனுப்புனது இன்னா அளவுல?”

“மில்லிமீட்டர்.”

“வாங்குனவன்?”

திருதிருனு முழிச்சேன். மேக்ஸ் தானா வச்சுக்கிற அளவு இன்ச். நான் தொட்டுக்கூடப் பார்க்கலை. எங்க டிக்கெட் கவுன்ட்டர் கதவு உயரம் 2100 மில்லிமீட்டர். ஆனா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது 2100ங்கிற நம்பர் மட்டும். மேக்ஸ் அதை 2100 இன்ச்சுனு படிச்சிடுச்சு. 53 மீட்டர் உசரத்துக்குக் கதவு! மொத்தக் கட்டடமும் ஒண்ணா 25.4 மடங்கு பெருசாகிட்டதால பார்க்கிறப்போ வித்தியாசமே தெரியலை. ஆனா விளக்கு நிஜ விளக்கு மாதிரி கணக்குப் பண்ணுமே... தூரம் 25 மடங்கு ஆனா, வெளிச்சம் 600-ல ஒரு பங்கா சுருங்கிடும். விமானம் நிறுத்துற ஷெட்டுல ஜீரோ வாட்ஸ் பல்பு போட்ட கதை. நான் கூட்டின பத்து மடங்கெல்லாம் எந்த மூலைக்கு?

அப்பா உள்ளே போய் பீரோ மேல இருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துட்டு வந்தார். பார்க்க சாதா ஸ்கேல் மாதிரியே இருந்தது. என் ஸ்கேலை அதுமேல வச்சுக் காட்டினார். ரெண்டும் ஒரு அடி. ஆனா அவர் ஸ்கேல்ல ஒரு அடிங்கிறது கொஞ்சம் நீளம்!

“இரும்பு ஆறுனா சுருங்கும்மா. அடிக்கு அரைக்கால் இன்ச். அதுக்குத்தான் ஸ்கேலையே பெருசா அடிச்சிருக்கான். அலுமினியத்துக்கு வேற, ஸ்டீலுக்கு வேற. புதுசா வந்த பையன் ஒருத்தன் சாதா ஸ்கேல்ல பேட்டர்ன் போட்டுட்டான். ஒரு லோடு ஸ்கிராப். அப்பலேர்ந்து எது செஞ்சாலும் முதல்ல ஒரு பீஸ் ஊத்தி, அளந்து பார்த்துட்டுத்தான் மிச்சம்.”

அந்த நேரத்துல தோழிக்கு போன் போட்டேன். திட்டிக்கிட்டே எழுந்தா. “ஸ்டேஷன் வேணாம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பெட்டி ஒண்ணு மட்டும் அனுப்பு.” பெட்டி வந்தது. அளந்தோம். 1000 இன்ச். மேக்ஸை மில்லிமீட்டருக்கு மாத்தி, பெட்டியை மறுபடி வாங்கினோம். 1000 மில்லிமீட்டர்! அப்புறம்தான் ஸ்டேஷனையே உள்ளே விட்டோம். மூணேகாலுக்கு ராயபுரத்துல விளக்கு எரிஞ்சது.

இப்பல்லாம் லைவ் லிங்க் வந்திருக்கு. இந்தப் பக்கம் சுவரை நகர்த்தினா அந்தப் பக்கம் ரெண்டர்ல தானா நகரும். ஜூனியர்ஸ் கொடுத்து வச்சவங்க. ஆனாலும் வேற வேற ஆபீஸ்ல இருந்து ஃபைல் வர்றப்போ இன்ச்சும் மில்லிமீட்டரும் இன்னமும் அடிச்சுக்கத்தான் செய்யுது. முதுகு காட்டுற சுவரும் அப்படியேதான்.

அப்பா தூங்கப் போகலை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்துலயே உட்கார்ந்துட்டார். ரெண்டர் வரி வரியா வர வர, ஸ்கிரீனுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். “தூணு உருண்டையா இல்லியே... பட்டை பட்டையா கீதே?”ன்னார். ஸ்கெட்ச்அப்ல வட்டம் போட்டா, நாம மாத்தாதவரை அது 24 பக்கம்தான். எங்க கைடே கண்டுபிடிக்காத விஷயம்! “இதுக்குத்தான் கையில தேய்க்கணும்கிறது”னு சொல்லிட்டு சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை. தூண்களை 96 பக்கமா மாத்தச் சொல்லி, தோழியோட தூக்கத்தை மறுபடியும் கெடுத்தேன்.

காலையில ஜூரி. நைட் வியூவை ஸ்கிரீன்ல போட்டதும் கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்பாடானு மூச்சு விட்டேன். வெளியில இருந்து வந்திருந்த ஆர்க்கிடெக்ட் மட்டும் கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு பிளாட்பாரத்து ஓரத்தைக் காட்டினார்.

“எல்லாம் சரி. இங்கே வெள்ளையா, சதுரமா... என்ன அது?”

ஒரு மீட்டர் பெட்டி! அழிக்க மறந்திருக்கோம்.

“பார்சல் சார்”னேன்.