விளக்கப்படும் முகம்

ஒரு சமூகத்தைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரியப்படுத்த விவரணப்படம் எடுக்கலாம் என்ற யோசனை நல்ல மனசிலிருந்து பிறப்பது. அதனாலேயே அதை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. சீக்கியர்களைப் பற்றி இப்படிப்பட்ட படங்கள், முக்கியமாக 2001க்குப் பிறகு அமெரிக்காவில், வந்தவண்ணம் இருக்கின்றன. தலைப்பாகை ஏன், வெட்டாத முடி ஏன், கிர்பான் ஏன், குருத்வாராவில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவது ஏன் என்று வரிசையாக விளக்குகின்றன. பார்த்தவனுக்குத் தகவல் சேர்கிறது. தகவல் சேர்வதும் மனிதனைப் புரிந்துகொள்வதும் ஒன்றுதானா? இல்லை என்று நினைக்கிறேன்.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் இருக்கிறவனுக்குப் பிம்பம் என்பது தத்துவ விஷயம் அல்ல. அது ரீம் கணக்கில் அச்சாகி, கட்டுக்கட்டாக லாரி ஏறும் சரக்கு. இந்த வட்டாரத்து ஆப்செட் மெஷின்களில் முருகனும் மாதாவும் மெக்காவும் போலவே குருநானக்கும் காலண்டர் படமாக வெளிவருகிறார்: வெண்தாடி, பாதி மூடிய கண்கள், ஆசி வழங்கும் உள்ளங்கை. 1969இல் நானக்கின் ஐந்நூறாவது பிறந்த ஆண்டை ஒட்டி ஓவியர் சோபா சிங் வரைந்த முகம்தான் நாடெங்கும் நானக்கின் முகமாக நிலைத்துவிட்டது. லோடு ஏற்ற வரும் வடநாட்டு லாரிகளில் தலைப்பாகை கட்டிய டிரைவர்களும் இங்கே அபூர்வம் அல்ல. ஆக, காட்சிக்குக் குறைவில்லை. இருந்தும் 'சிங்' என்ற சொல்லைக் கேட்டதும் டீக்கடையிலும் பாங்க் கவுண்டருக்கு உள்ளேயும் முதலில் வருவது பன்னிரண்டு மணி ஜோக்தான். காலண்டர் வணங்குகிறது, ஜோக் இளக்காரம் செய்கிறது. இரண்டிலும் அந்த முகம் வாய் திறப்பதில்லை. விளக்கப்படம் இவற்றோடு மூன்றாவதாகச் சேர்கிறது. அங்கேயும் முகம் சும்மா இருக்க, பின்னணிக் குரல் ஒன்று அதற்காகப் பேசுகிறது.

இந்தப் படங்களின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வெறுப்புக்குக் காரணம் அறியாமை. அறியாமை போனால் வெறுப்பும் போகும். 1984 நவம்பரில் தில்லியில் நடந்தது இதைப் பொய்யாக்குகிறது. இந்திரா காந்தி கொல்லப்பட்டதை அடுத்த சில நாட்களில் அங்கே கொல்லப்பட்ட சீக்கியர்கள் அரசாங்கக் கணக்கிலேயே 2,733 பேர். கொன்றவர்களுக்குத் தலைப்பாகையின் அர்த்தம் தெரியாமல் இல்லை. வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு தேடிப் போனதற்குச் சாட்சியங்கள் உண்டு. முடியை வெட்டிக்கொண்டு தப்பித்தவர்கள் உண்டு; எதை வெட்டினால் உயிர் பிழைக்கலாம் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. இது தெரியாமல் செய்த காரியம் அல்ல. இதற்குப் பின்னாலும் 'சீக்கியர்கள் யார்?' என்று படம் எடுப்பது கேள்வியை இடம் மாற்றி வைப்பதாகும். கேட்க வேண்டியது கொன்றவர்கள் யார், அவர்களுக்குத் துணிச்சல் தந்தது யார் என்பது.

அமெரிக்காவில் அறியாமைக்குப் பங்கு இருந்தது உண்மை. 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில், தன் பெட்ரோல் பங்கின் வாசலில் நின்ற பல்பீர் சிங் சோடி சுட்டுக் கொல்லப்பட்டார். நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பழிவாங்கக் கிளம்பியவனுக்குத் தாடியும் தலைப்பாகையும் போதுமானதாக இருந்தன. இத்தகைய கொலைகளை 'ஆள் மாறாட்டம்' என்று சொல்வது அங்கே வழக்கமாயிற்று. இந்தச் சொல்லில் ஒரு விஷம் இருக்கிறது. ஆள் மாறிவிட்டது என்றால், சுடுவதற்குச் சரியான ஆள் வேறெங்கோ இருக்கிறான் என்றாகிறது. 'நாங்கள் முஸ்லிம்கள் அல்ல' என்று மட்டும் விளக்கும் படம் குறியைப் பக்கத்து வீட்டுக்குத் திருப்பிவிடுகிறது. வலேரி கௌர் முன்னின்று செய்த 'டிவைடட் வீ ஃபால்' இதை அறிந்த படம். முஸ்லிம்கள் பட்ட பாட்டையும் சேர்த்தே அது பேசுகிறது. அதில் என் மனசில் நிற்பது மத விளக்கம் எதுவும் அல்ல. பஞ்சாபில் இருக்கும் சோடியின் மனைவியைத் தேடிப் போய், அமெரிக்க மக்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்கிறார் வலேரி. நன்றி சொல்லச் சொல்கிறார் அந்த அம்மாள், தன் கணவரின் நினைவுக் கூட்டத்துக்குத் திரண்டு வந்து தன்னோடு அழுதவர்களுக்கு. கேட்டவர் எதிர்பார்த்திருக்க முடியாத பதில். அந்தக் கணத்தில் விளக்கப்படுகிறவர் மறைந்து, பதில் சொல்கிற ஒருவர் வந்துவிடுகிறார்.

எங்களையும் விளக்கியிருக்கிறார்கள். சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' 1990இல் வந்தது. தீப்பெட்டி ஆபீஸுக்கும் பட்டாசு ஆபீஸுக்கும் வேலைக்குப் போன சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய படம். ஊர்ப் பெருமைக்கு உவப்பானது அல்ல. ஆனால் பொய்யும் அல்ல. குழந்தைகள் வேலை செய்தார்கள். 1986இல் சட்டம் வந்தது. 1996இல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இந்தப் பிரச்னை வெளியே தெரிந்ததில் இம்மாதிரிப் படங்களுக்குப் பங்கு உண்டு. ஆனாலும் வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரே வாக்கியம் ஓடுவதை இங்கிருந்து போகிற எவனும் பார்த்திருப்பான். ஒரு படம் ஒரு ஊர் முழுவதற்கும் பதிலாக நிற்க நேரும்போது உண்மையான படமும் காலண்டர் ஆகிவிடுகிறது. அது எடுத்தவரின் குற்றம் அல்ல. ஒரு படத்தோடு நிறுத்திக்கொள்ளும் பார்வையாளனின் சோம்பல்.

அதே 1990இல் வந்தது ஆனந்த் பட்வர்த்தனின் 'உனா மித்ரான் தி யாத் பியாரி'. 'அந்த நண்பர்களின் இனிய நினைவு' என்று சொல்லலாம். சீக்கியர்களைப் புரிந்துகொள்ள நான் சிபாரிசு செய்வது இதைத்தான், அது சீக்கியத்தைப் பாடமாக நடத்தும் படம் அல்ல என்றபோதிலும். தீவிரவாதிகளும் போலீசும் பஞ்சாபை இருபுறமும் நெரித்த காலம். 1931இல் தூக்கிலிடப்பட்ட பகத் சிங்கை எல்லோரும் சொந்தம் கொண்டாடுகிறார்கள். அரசாங்கத்துக்கு அவர் தேசபக்தர். காலிஸ்தான்காரர்களுக்குச் சீக்கியத் தியாகி. சிறையில் இருந்து நாத்திகத்துக்கு நியாயம் எழுதிய பகத் சிங்கை நினைவில் வைத்திருக்கும் ஒரு சிறு இடதுசாரிக் கூட்டம், சீக்கியரும் இந்துக்களுமாக, ஊர் ஊராகப் போய் மத ஒற்றுமை பேசுகிறது. அவர்களில் ஒருவர் ஜைமல் சிங் பட்டா. 1988 மார்ச்சில் தீவிரவாதிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். படத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுத்து, பட்வர்த்தன் பம்பாய் உயர்நீதிமன்றம் வரை போய் வழக்காட வேண்டியிருந்தது.

இந்தப் படத்தில் தலைப்பாகை எதையும் தீர்த்துச் சொல்வதில்லை. தலைப்பாகை கட்டியவரைத் தலைப்பாகை கட்டியவரே மறுக்கிறார். எவர் எந்தக் கட்சி என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டாவைக் கொன்றவர்கள் அவரைச் சீக்கியர் என்று தெரியாமல் கொல்லவில்லை. அவர் சொன்னதைக் கேட்டுத்தான் கொன்றார்கள். ஒரு சமூகத்தின் உள்சண்டையைக் கேட்க முடிகிற அளவுக்கு அருகில் போவதையே நான் புரிதல் என்கிறேன்.

தமிழனுக்கு இது புதிய பாடமும் அல்ல. 1924இல் வைக்கம் சத்தியாக்கிரகத்துக்கு அகாலிகள் வந்து லங்கர் போட்டுச் சோறு வழங்கினார்கள். காந்தி அதை ஏற்கவில்லை. பெரியார் சிறை சென்ற அதே போராட்டம்தான். பகத் சிங் தூக்கிலிடப்பட்ட ஒரு வாரத்துக்குள் பெரியார் 'குடி அரசு'வில் தலையங்கம் எழுதினார். 1930களின் நடுவில் ப. ஜீவானந்தம் அந்த நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கினார்; அதற்காகக் கைதானார். சீக்கியக் குடும்பத்தில் பிறந்த ஓர் இளைஞனை ஜீவா நமக்கு முகமாக அறிமுகம் செய்யவில்லை. அவனுடைய வாதத்தைக் கொண்டுவந்து வைத்தார். அதை ஏற்கலாம், மறுக்கலாம்; வேடிக்கை பார்க்க முடியாது. தொப்பி போட்ட பகத் சிங் காலண்டரில் ஏறிய பிறகுதான் வேடிக்கை பார்க்க வசதி வந்தது.

விவரணப்படம் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. அறிமுகப் படலம் போதும் என்கிறேன். நல்லவர்கள், உழைப்பாளிகள், பசித்தவனுக்குச் சோறு போடுகிறவர்கள் என்று காட்டும் படம், சிறுபான்மையினரை நற்சான்றிதழும் கையுமாகக் கவுண்டருக்கு வெளியே நிறுத்திவைக்கிறது. சான்றிதழைச் சரிபார்க்கும் அதிகாரம் பெரும்பான்மையிடமே இருக்கிறது. நல்லவன் என்று நிரூபித்தவனுக்குத்தான் உயிர்வாழ உரிமை என்றால் நிரூபிக்க முடியாதவன் கதி என்ன?

பட்வர்த்தனின் படத்துக்குத் தமிழில் வசன வரிகள் சேர்த்து, பென்னூர்கரின் படத்தோடு ஒரே மாலையில் சிவகாசியில் யாராவது திரையிடலாம். விளக்கப்பட்ட ஊர்க்காரர்கள் விளக்கப்படாத சில சீக்கியர்களைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அரங்கில் சண்டை வரும். அந்தச் சண்டையும் படம் எடுக்கத் தகுந்ததுதான்.