மொய் நோட்டும் பரலோகக் கணக்கும்

தியானப் பகுதி: லூக்கா 14:12-14



ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம்முடைய புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், குளமங்கலம் ஆகிய ஊர்களில் மொய் விருந்துகள் களைகட்டத் தொடங்கும். தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பகுதியிலும் இவ்வழக்கம் உண்டு. கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே வைக்கப்படும் விருந்து இது. பல குடும்பங்கள் செலவைப் பகிர்ந்துகொண்டு, ஒரே பத்திரிகை அடித்து, ஒரே பந்தலில் ஆட்டுக்கறிச் சோறு போடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி மேசை, தனித்தனி நோட்டு. உண்டு எழுந்தவர் தாம் செய்யவேண்டிய மொய்யை எழுதிவிட்டுப் போவார்.

"ஐயா, விசுவாசிகள் மொய் விருந்து வைக்கலாமா? நாளைக்கென்று பணம் சேர்ப்பது அவிசுவாசம் ஆகாதா?" என்று சபையார் சிலர் அவ்வப்போது என்னிடம் கேட்பதுண்டு. இந்த வாரம் அக்கேள்வியை வேதத்தின் வெளிச்சத்தில் தியானிப்போம்.

முதலாவது, இந்த வழக்கத்தில் உள்ள நன்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆழ்குழாய்க் கிணறு போட, வீடு கட்ட, பிள்ளையைப் படிக்கவைக்க, அடகிலுள்ள நிலத்தை மீட்க ஒரு விவசாயிக்கு மொத்தமாகப் பணம் தேவைப்படுகிறது. கந்துவட்டிக்காரனிடம் போகாமல், அயலாரிடமிருந்து வட்டியின்றி அது கிடைக்கிறது. பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஒரு குடும்பம் விருந்து வைக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் மற்றவர்களுடைய விருந்துகளில் வாங்கியதைத் திருப்பிச் செய்யும். அதோடு புதிதாக ஒரு தொகையையும் சேர்த்துச் செய்யும். அந்தப் புதுத்தொகையே அதன் சேமிப்பு. பத்திரமோ ஜாமீனோ கிடையாது. நோட்டில் எழுதிய ஒரு வரியும் மனுஷருடைய மானமுமே உத்தரவாதம்.

சேமிப்பை வேதம் கண்டிக்கிறதா? கோடைக்காலத்தில் உணவைச் சேர்க்கும் எறும்பிடம் போய்ப் பாடம் கற்கும்படி நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் சோம்பேறிக்குச் சொல்லுகிறது. ஆதியாகமம் 41-இல், விளைச்சல் மிகுந்த ஏழு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்கும் ஞானத்தைத் தேவன் யோசேப்புக்குக் கொடுத்தார். யாத்திராகமம் 16-ஐயும் கவனியுங்கள். மறுநாளுக்கென்று சிலர் மீதிவைத்த மன்னா பூச்சி பிடித்து நாறிற்று. ஆனால் ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் தேவன் சொன்னபடி எடுத்துவைத்த மன்னா கெடவில்லை. இரண்டும் ஒரே மன்னாதான், இரண்டும் சேர்த்துவைக்கப்பட்டவைதான். ஒன்றைப் பயம் சேர்த்தது, மற்றொன்றைக் கீழ்ப்படிதல் சேர்த்தது.

லூக்கா 12-இல் வரும் ஐசுவரியவானிடத்திலும் இதையே காண்கிறோம். நிலம் நன்றாய் விளைந்தது அவன் குற்றமல்ல. அவன் தனக்குள்ளே பேசிக்கொள்வதைக் கேட்டால், என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. கொடுத்த தேவனும் அங்கே இல்லை, அயலானும் இல்லை.

சேர்த்ததெல்லாம் நிலைக்கும் என்றும் நாம் சொல்லமுடியாது. 2016 நவம்பர் 8 இரவில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப்பெட்டிக்குள்ளும் சிறுகச் சிறுகச் சேர்த்த பெண்கள் தவித்தார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து நம் மாவட்டத்தின் ஊடாகச் சென்றது. பிள்ளைகளைப்போல் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் 2020-இல் ஊரடங்கு வந்து விருந்துப் பந்தல்களும் இல்லாமற்போயின. பூச்சியையும் துருவையும் பற்றி மத்தேயு 6-இல் ஆண்டவர் எச்சரித்ததன் பொருளை நம்முடைய மக்கள் நான்கே ஆண்டுகளில் மூன்று முறை கண்டார்கள்.

அந்த நாட்களில் நான் சந்தித்த ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்லவேண்டும். கணவர் மரித்துவிட்டார்; தோப்பும் போய்விட்டது. அவர் விட்டுச்சென்றது ஒரு மொய் நோட்டு. வரவேண்டியதைவிடக் கொடுக்கவேண்டியது அதிகம். "அவரு வாங்குனதுக்கு நான் எப்படிய்யா பொறுப்பாவேன்? ஆனா கொடுக்காட்டி இந்த ஊர்ல எப்படித் தலை நிமிந்து நடப்பேன்?" என்று அழுதார். உறவினர் சிலர், எழுத்தில் கையெழுத்தில்லாத கடன், பேசாமல் இருந்துவிடு என்று ஆலோசனை சொன்னார்கள்.

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தை அவரோடு வாசித்தேன். அங்கேயும் ஒரு விதவை. அங்கேயும் கணவர் வைத்துவிட்டுப்போன கடன். எண்ணெய் பெருகினபின் தீர்க்கதரிசியாகிய எலிசா காட்டின ஒழுங்கு, முதலில் கடனைத் தீர்ப்பது, பின்பு மீதியைக்கொண்டு பிழைப்பது. கடன் இல்லை என்று அவன் சொல்லவில்லை. அவளைத் தனியே விடவும் இல்லை. அக்கம்பக்கத்தாரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னான். ஆகவே அந்தச் சகோதரியும் ஒளிந்துகொள்ளாமல், கொடுக்கவேண்டியவர்களிடம் நேரில் போய்த் தவணை கேட்கும்படி சொன்னேன். சபை மூப்பர் இருவர் உடன் போனார்கள். பலர் மரம் காய்க்கட்டும் என்றார்கள். இருவர் உடனே கேட்டார்கள். அவர்களுக்கும் பாடு இருந்தது. ஒரு பெரியவர் மட்டும், நம்முடைய சபையைச் சேர்ந்தவரும் அல்ல, நோட்டை வாங்கித் தம் பெயருக்கு நேரே இருந்த தொகையை அடித்துவிட்டு, பிள்ளையைப் படிக்கவை என்று சொல்லி அனுப்பினார்.

பிரியமானவர்களே, நம்முடைய தியானப் பகுதி இங்கேதான் நம்மை நிறுத்துகிறது. விருந்து வைக்கிறபோது, பதிலுக்கு அழைக்கக்கூடிய சிநேகிதரையும் உறவினரையும் ஐசுவரியமுள்ள அயலாரையும் விட்டு, ஏழைகளையும் ஊனரையும் சப்பாணிகளையும் குருடரையும் அழைக்கும்படி ஆண்டவர் போதித்தார். அவர்களால் திருப்பிச் செய்ய இயலாது என்பதே அதற்குக் காரணம். பதில் உயிர்த்தெழுதலின் நாளில் கிடைக்கும். மொய் விருந்துக்குள் நிற்கும் நமக்கு இது கூர்மையான வார்த்தை. நாம் எழுதும் ஒவ்வொரு மொய்யும் திரும்பி வரும் என்ற எண்ணத்தோடு எழுதப்படுகிறது. அது பாவமல்ல, கொடுக்கல் வாங்கல். ஆனால் அதை ஈகை என்று நாம் நினைத்துக்கொள்ளக்கூடாது. நோட்டே இல்லாத கூலித்தொழிலாளியைப் பந்தலுக்கு யார் அழைப்பார்கள்?

ஜான் வெஸ்லி 1760-இல் வெளியிட்ட பிரசங்கம் ஒன்றில், நேர்மையாய்ச் சம்பாதிப்பது, வீண்செலவின்றிச் சேமிப்பது, தாராளமாய்க் கொடுப்பது என்று பணத்துக்கு மூன்று படிகளை வகுத்தார். முதல் இரண்டில் நாம் தேர்ந்தவர்கள். மூன்றாம் படியில்தான் நம்முடைய கால் தயங்குகிறது.

ஆகையால் குடும்பமாக உட்கார்ந்து உங்கள் கணக்கைப் பாருங்கள். கொடுக்கவேண்டியதை முதலில் தீருங்கள் (ரோமர் 13:8). உங்கள் வீட்டாரின் மருத்துவத்துக்கும் கல்விக்கும் முதுமைக்கும் வங்கியிலோ அஞ்சலகத்திலோ எடுத்துவையுங்கள். வீட்டாரை விசாரிப்பது விசுவாசத்தின் பகுதி (1 தீமோத்தேயு 5:8). மூன்றாவதாக, வாரத்தின் முதல் நாளில் வரவுக்குத் தக்கதாய் ஒரு தொகையைத் தனியே சேர்க்கும்படி பவுல் கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 16:2). எருசலேமிலிருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்காகவே அந்தச் சேமிப்பு. கொடுப்பதற்கென்றே சேமிப்பது நமக்குப் புதியதல்ல. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துவைத்து, கைப்பிடி அரிசிக் காணிக்கையாய் ஆலயத்துக்குக் கொண்டுவந்தவர்கள் நம்முடைய தாய்மார்கள்.

இந்த ஆடியில் மொய் எழுதப் போகிறவர்கள், திருப்பித் தர இயலாத ஒருவருக்காகவும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். பள்ளிக் கட்டணம் கட்டமுடியாத பிள்ளையாய் இருக்கலாம். மருந்து வாங்க வழியில்லாத முதியவராய் இருக்கலாம். அந்தத் தொகையை எந்த நோட்டிலும் எழுதவேண்டாம்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, நீர் தந்ததை உமக்கு உக்கிராணக்காரராய்க் காத்துக்கொள்ள ஞானம் தாரும். நாளையைக் குறித்த பயத்துக்கு எங்களை விலக்கிக் காரும். எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னித்த நீர், பதில் எதிர்பாராமல் கொடுக்கும் இருதயத்தையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.