சைக்கிள் ராஜ்யத்தில் நான்

நெதர்லாந்து என்றதும் துலிப் பூவும் காற்றாலையும்தானே ஞாபகம் வரும்? குடித்தனம் பண்ண வந்தவளுக்கு முதலில் கண்ணில் படுவது சைக்கிள்தான். ஜனத்தொகை சுமார் 1 கோடியே 80 லட்சம். சைக்கிள்களோ 2 கோடியே 30 லட்சத்துக்கு மேல்! கோட்டும் சூட்டுமாக ஆபீஸ் போகிறவர், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டும் அம்மா, தலை வெளுத்த பாட்டி... எல்லோருக்கும் அதுதான் வாகனம்.

என் கணவரின் வேலை நிமித்தம் யூட்ரெக்ட் நகருக்கு வந்தோம். நான்கு வயது முடிந்ததும் மகளைப் பள்ளியில் சேர்த்தோம். பள்ளி இரண்டு கிலோ மீட்டர். பஸ்ஸோ ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். குளிர்காற்றில் குழந்தையை நடத்திக் கூட்டிப் போனால், பாதி வழியில் "தூக்கிக்கோம்மா" என்பாள். டாக்டர் வீட்டுக்குப் போவதென்றால் இவர் லீவு போட வேண்டும். கடைக்குப் போகவும் இவரைத்தான் எதிர்பார்க்க வேண்டும். ஊரில் தனியாக எங்கும் போய்வந்தவள், இங்கே ஜன்னலோரமே கதியென்று கிடந்தேன். பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்றுகூட இரவில் தோன்றும்.

சைக்கிள் எனக்குப் புதிதில்லை. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச சைக்கிளில் இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவள்தான். கல்யாணமானதும் அது தம்பிக்குப் போய்விட்டது. ஆனால் தனியாக ஓட்டுவது வேறு, பெற்ற பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுவது வேறு அல்லவா? ஒரு லாரி வந்து இடித்தால்...? நினைக்கும்போதே வயிற்றைக் கலக்கும்.

எதிர்வீட்டுப் பாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நாங்களும் அந்தப் பயத்தோடு இருந்தவர்கள்தான்" என்றார். 1971-இல் மட்டும் இந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் 3,000-க்கும் அதிகமானோர் இறந்தார்களாம். அதில் குழந்தைகளே 400-க்கு மேல். அப்படி மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் 1972-இல் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று எழுதினார். அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்கள் தெருவை மறித்து நின்றார்கள். 1973-இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் காரே ஓடக்கூடாது என்று அரசு உத்தரவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இந்தச் சிவப்பு நிறத் தனிப்பாதைகள் வந்தன. நம்மைப் போன்ற அம்மாக்கள் கேட்டு வாங்கிய பாதை என்று தெரிந்ததும், என்னவோ எனக்கு அதில் உரிமை வந்தாற்போல இருந்தது!

பக்கத்துச் சமூகக் கூடத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களுக்காகச் சைக்கிள் வகுப்பு நடத்துகிறார்கள். மொராக்கோ, துருக்கி, சிரியா... ஐம்பது வயது அம்மாள்கூட கற்றுக்கொண்டிருந்தார். இங்கே பல சைக்கிள்களில் கைப்பிடியில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் அதுதான் பிரேக். நம் ஊர் வழக்கப்படி பெடலைப் பின்னுக்குச் சுற்றினால், வண்டி டக்கென்று நின்றுவிடும்! அது காலுக்குப் படியவே எனக்கு இரண்டு வாரமாயிற்று.

விதிகளும் உண்டு. திரும்புமுன் கையை நீட்ட வேண்டும். சாலையில் வெள்ளை முக்கோணங்களின் கூர்முனை நம்மைப் பார்த்து இருந்தால், நாம்தான் நின்று வழிவிட வேண்டும். குறியே இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு முன்னுரிமை. இருட்டினால் முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்கு கட்டாயம். 2019 முதல், ஓட்டும்போது போனைக் கையில் வைத்திருந்தாலே அபராதம். சாதாரண சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. அநேகமாக யாரும் போடுவதும் இல்லை. இந்த விஷயத்தில் நான் ஊரோடு ஒத்துப்போகவில்லை. என் மகளுக்கு ஹெல்மெட் உண்டு!

பிள்ளையைப் பின்னால் வைக்கிறவர்கள் சீட்டில் பெல்ட்டும், கால் வைக்கப் பக்கத் தடுப்பும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிஞ்சுக் கால் சக்கரக் கம்பியில் மாட்டினால் என்ன ஆகும்! நம் துப்பட்டாவுக்கும் ஆபத்துதான். பின்சக்கரத்தை மூடும் உறை கடைகளில் கிடைக்கிறது. நானோ துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பழைய சைக்கிள்தானே என்று பூட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். இங்கே சைக்கிள் திருட்டு சர்வசாதாரணம். நான் இரண்டு பூட்டு போடுகிறேன். எங்கள் ஊர் ரயில் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள் நிறுத்துகிற இடம் இருக்கிறது. முதல் 24 மணி நேரம் இலவசம். எந்த வரிசையில் விட்டோம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும்!

மேடு பள்ளம் இல்லாத நாடுதான். ஆனால் எதிர்க்காற்று அடித்தால் திருத்தணி மலை ஏறுவதுபோல மூச்சு வாங்கும். முதல் மாதம் தொடை வலி; இப்போது பழகிவிட்டது, பசியும் நன்றாக எடுக்கிறது. மகள் பின்னாலிருந்து "அம்மா, மணி அடி!" என்று உத்தரவு போடுகிறாள். வியாழக்கிழமை அவளுக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும். மழை வரும் என்கிறார்கள். இவரிடம் லீவு கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் மழைக்கோட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.