அவிழ மறுக்கும் பிரேக் நட்டு

சிலமலையில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், கிட்டத்தட்ட 1000 மீட்டர் ஏற்றம். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்கியாக வேண்டும். ஏறும்போது இன்ஜின் பார்த்துக்கொள்ளும். இறங்கும்போது பிரேக்தான்.

அந்த பிரேக்கின் உயிர் சுண்டுவிரலை விட மெல்லிய இரும்புக் குழாயில் ஓடுகிறது. பல கார்களில் அதன் வெளிவிட்டம் வெறும் 4.75 மி.மீ. குழாயின் நுனியில் ஒரு சின்ன நட்டு. பழைய காரின் பிரேக் பைப்பை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம் என்று உட்காருகிறவர் முதலில் தோற்பது இந்த நட்டிடம்தான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? துரு, இரும்பை விட அதிக இடத்தை அடைக்கும். மழையும் சேறும் பட்டுப் பட்டு மரைக்குள் இருந்த இடைவெளி எல்லாம் துருவால் நிரம்பிவிடுகிறது. இதை விட மோசம், நட்டும் பைப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. அப்போது நட்டைத் திருப்பினால் பைப்பும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

சாதாரண ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தைத்தான் பிடிக்கும். நட்டோ மென்மையானது. ஒரே இழுப்பில் முனை மழுங்கிவிடும். இதற்கென்றே 'ஃப்ளேர் நட் ஸ்பேனர்' இருக்கிறது. ரிங் ஸ்பேனரில் பைப் நுழைய ஒரு வாய் வெட்டியது போல இருக்கும். கையில் அது இல்லாமல் வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

முதலில் காரை ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் இரவே அடித்து ஊற விட வேண்டும். மறுநாள் அதைச் சுத்தமாகத் துடைத்த பிறகே நட்டில் கை வைக்க வேண்டும். டீசல், இன்ஜின் ஆயில் எதுவும் துளிகூட உள்ளே போகக் கூடாது, பிரேக்கின் ரப்பர்கள் ஊதிக் கெட்டுப்போகும்.

அடுத்தது ஒரு சின்ன தந்திரம். அவிழ்ப்பதற்கு முன் நட்டை ஒரு நூல் இறுக்கிப் பார்க்க வேண்டும். துருவின் பிடி அங்கேதான் முதலில் உடையும். பிறகு கொஞ்சம் அவிழ்த்து, கொஞ்சம் இறுக்கி, மறுபடி அவிழ்க்க வேண்டும். ரப்பர் ஹோஸ் சேரும் இடத்தில் ஹோஸை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். நெருப்பு காட்டுவது பட்டறைக்காரர் வேலை. பிரேக் ஆயில் தீப்பிடிக்கும். சில கிளீனர்கள் சூடு பட்டால் விஷவாயு வரும்.

எதற்கும் மசியவில்லையா? பைப்பை நட்டின் ஓரத்தில் வெட்டிவிட்டு ஆறு பட்டை சாக்கெட் போடலாம். 'பைப் வீணாகிறதே' என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் நட்டு இந்த அளவுக்குத் துருப்பிடித்திருந்தால், அதே மழையில் நனைந்த பைப் மட்டும் எப்படி நன்றாக இருக்கும்? பிடிவாதக்கார நட்டு வேலையைக் கெடுக்கவில்லை, பைப்பின் நிலைமையைச் சொல்லிக் காட்டுகிறது.

புது பைப் போட்டதும் பிரேக் ஆயிலும் புதிதாக ஊற்ற வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலுக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி. ஈரம் ஏறியதற்கான அளவுகோல் 140 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அப்படியே தரையில் போய் உட்கார்ந்துவிடும்.

கடைசியாக ஏர் எடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு நட்டையும் இன்னொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு சொட்டுக் கசிவு இருந்தாலும், பெடல் மெல்ல இறங்கினாலும், வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் வெட்கமே இல்லை. எல்லாம் சரி என்றால் முதல் ஓட்டம் சமதளத்தில், மெதுவாக.

வாசலில் ஒரு நட்டுக்காக ஒரு நாள் போனால் போகட்டும். போடிமெட்டு இறக்கத்தில் அந்த ஒரு நாள் திரும்பக் கிடைக்காது.