மன்னாருக்குக் குடிபெயர்ந்த கடை

மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போனவர்களின் கதை நேயர்களுக்குப் புதியதன்று. படிக்கப் போனார்கள், உத்தியோகத்துக்குப் போனார்கள், அங்கிருந்து கடல் கடந்தும் போனார்கள். ஆனால் கொழும்பிலிருந்து ஒரு கடை மன்னாருக்குக் குடிபெயர்ந்து வந்திருக்கிறது என்று கேள்வியுற்றபோது, வணிகக் கல்வி கற்பிக்கும் நமக்கு அதனைக் காணாதிருக்க மனம் இடந்தரவில்லை. கடையை நடத்துபவர் ஒரு காலத்தில் நம்மிடம் பயின்ற மாணவி என்பது இன்னொரு காரணம். ஆகவே ஆகஸ்டு விடுமுறையில் கொழும்பிலிருந்து பஸ் ஏறினோம்.

மடுத் திருவிழாக் காலமாதலால் மதவாச்சியிலிருந்து வண்டியில் நிற்கவும் இடமில்லை. மடுச் சந்தியில் யாத்திரிகர் இறங்கிய பின்னரே கால் நீட்ட முடிந்தது. முருங்கனில் நாமும் இறங்கி, நேரே தீவுக்குச் செல்லாமல் சிலாவத்துறை வீதியில் திரும்பினோம். கடையொன்றைப் பார்க்கப் போகிறவர், அக்கரையில் முன்னொரு காலம் நடந்த பெருங்கடையின் சுவட்டையும் பார்த்துவிட்டுப் போவது முறையன்றோ?

அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் உள்ளது அரிப்பு. ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகை அங்கே சிதைந்து நிற்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புமாய்ப் பருத்த தூண்கள். அடியில் கரையைத் தின்றுகொண்டிருக்கும் கடல். இதற்குத் தெற்கேயுள்ள மறிச்சுக்கட்டியில், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், முத்துக்குளிப்புப் பருவந்தோறும் ஒரு நகரமே எழுந்து மறைந்தது. கிடுகும் கம்பும் கொண்டு சில நாட்களில் கட்டப்பட்ட நகரம். அதில் கச்சேரி இருந்தது, நீதிமன்றம் இருந்தது, வைத்தியசாலை இருந்தது, தபாலும் தந்தியும் இருந்தன. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குளிகாரர் வந்தனர். அரபு நாட்டவரும் வந்தனர். அவர் பின்னே செட்டிமாரும் மரைக்காயர்களும் பம்பாய் வணிகரும் பணப்பெட்டிகளுடன் வந்திறங்கினர். பகலில் எடுத்த சிப்பி மாலையில் ஏலம் போயிற்று. வாங்கியவர் அதனை அழுகவிட்டுக் கழுவி முத்தெடுத்தனர். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாத வெள்ளைக்காரர் அரிது. பின்னாளில் எழுத்தாளராய்ப் புகழ் பெற்ற லெனார்ட் வூல்ஃப், 1906ஆம் ஆண்டில் இளம் உத்தியோகத்தராக அங்கே கடமை புரிந்தவர்.

1905ஆம் ஆண்டுப் பருவத்தில் அரசாங்கத்துக்குக் கிடைத்த வருமானம் இருபத்தைந்து இலட்சம் ரூபாய்க்கு மேல். அந்த ஆசையில் மறு ஆண்டே ஒரு கம்பெனி, வருடம் 3,10,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுக் குத்தகைக்கு முத்துப்பார்களை எடுத்தது. சிப்பிகளோ குத்தகைப் பத்திரத்தைப் படித்தறியாதவை. இரண்டொரு பருவத்தில் மறைந்தன. கம்பெனியும் கலைந்தது. கரையில் எஞ்சியது சிப்பி ஓட்டுக் குவியல். நகரத்து வியாபாரம் முழுவதும் இக்கரைக்கு இடம்பெயர்ந்து வந்திருக்கிறது. ஆனால் குடியிருக்க வரவில்லை, கூடாரமடிக்க வந்தது.

அரிப்பிலிருந்து மன்னார்ப் பட்டினம் நோக்கிச் செல்கையில் இந்நினைவே நம்முடன் வந்தது. 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய பாலத்தைக் கடந்தால் கோட்டை. கோட்டையைக் கடந்தால் தெருவெங்கும் கழுதைகள். எவருக்கும் வழிவிடாத அப்பிராணிகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். தீவின் வழியே எத்தனையோ சென்றிருக்கின்றன. 1858ஆம் ஆண்டில் இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த கடலடித் தந்தி இவ்வழியே சென்றது. 1914 முதல் தனுஷ்கோடிக்குப் போகும் பிரயாணிகள் தலைமன்னாரில் புகையிரதத்தால் இறங்கிக் கப்பலேறினர். இப்போது தென்கரை நெடுகிலும் முப்பது காற்றாடிகள் சுழல்கின்றன. 2020-21இல் நிறுவப்பட்ட அவை நூறு மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் உற்பத்தி செய்யவல்லவை. அம்மின்சாரமும் நாட்டின் பொதுக் கம்பியிற் கலந்து போய்விடுகிறது.

பேசாலையில் நாம் தேடிய கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. மாமியார் வீட்டுப் பின்வளவில், பனைகளுக்கு நடுவே, கூரைத் தகடு வேய்ந்த ஒரு கொட்டகை. உள்ளே இரண்டு மேசை, ஒரு தராசு, பையிலுள்ள காற்றை உறிஞ்சி வாயை ஒட்டும் இயந்திரம் ஒன்று, அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகள். கடையின் வாசல் கைப்பேசிக்குள் இருக்கிறது. கட்டாக் கருவாடு, நெத்தலி, ஒடியல், பனங்கட்டி, பனையோலைப் பெட்டி ஆகியவற்றைப் படமெடுத்து இணையத்தில் இடுகிறார்கள். இலண்டனிலும் டொரன்டோவிலும் உள்ள பிள்ளைகள் பணம் கட்டி, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் தாய் தந்தையர்க்கு அனுப்பச் சொல்கிறார்கள். வியாபாரத்தின் பெரும்பகுதி இதுவே. தாய்க்குக் கருவாடு அனுப்பும் வழி டொரன்டோவிலிருந்து பேசாலை வந்து வெள்ளவத்தைக்குப் போகிறதென்றால், வணிகப் பாடநூல்கள் சற்றுத் திருத்தப்படத்தான் வேண்டும்.

“ஏன் பிள்ளை, கொழும்பை விட்டுவிட்டீர்?” என்று கேட்டோம்.

“சாமான் எல்லாம் இங்கையிருந்துதானே சேர் வந்தது? நான்தான் சாமானுக்குத் தூரத்திலை இருந்தன்” என்றார்.

வெள்ளவத்தையில் ஓர் அறைக்குக் கொடுத்த வாடகையையும், 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்களையும் பிறகு சொன்னார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில்தான் இக்கரையிலிருந்து குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடியில் இறங்கத் தொடங்கின. அவர்கள் புறப்பட்ட கரைக்கு இவர் அவ்வாண்டின் இறுதியில் தராசுடன் வந்து சேர்ந்தார். ஊரார் இவரை விந்தையாகப் பார்த்ததில் வியப்பில்லை.

இடம் மாறியதால் வந்த சிரமங்கள் சொற்பமல்ல. வெள்ளவத்தையில் கூரியர்ப் பையன் நாளுக்கு இருமுறை வாசலுக்கு வருவானாம். இங்கே பொதிகளை மன்னார்ப் பட்டினத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்; வண்டி போய்விட்டால் ஒரு நாள் போயிற்று. அட்டைப்பெட்டிகள் கொழும்பிலிருந்து வெறுமையாக வந்து, நிரம்பி, அங்கேயே திரும்புகின்றன. நாம் இருந்த இரண்டு மணி நேரத்துக்குள் மின்சாரம் இருமுறை நின்றது. தென்கரைக் காற்றாடிகள் அப்போதும் சுழன்றிருக்கும். எல்லாவற்றிலும் பெரிய முதலாளி காற்று. சோளகம் வீசுங்காலம் தென்கடல் கொந்தளிக்க, இந்த வடகரையில் தொழில் நடக்கும். ஐப்பசியில் மழை தொடங்கி வாடை வந்துவிட்டால் மீன் காயாது. நத்தாருக்குக் கருவாடு கேட்டு வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்கு மன்னாரின் மழை புரிவதில்லை.

கொட்டகைக்குப் பின்னாலுள்ள கடற்கரையில் பெண்கள் நால்வர் பாயில் நெத்தலி பரப்பிக்கொண்டிருந்தனர். இவரது கடைக்குக் கருவாடு போடுகிறவர்கள் இவர்களே. வழக்கமான ஏற்பாடு நேயர்கள் அறிந்ததே: கஷ்ட காலத்தில் முதலாளி முற்பணம் கொடுப்பார், பிறகு காய்ந்த மீன் முழுவதும் அவருக்கே, அவர் சொன்ன விலைக்கு. நம் மாணவியோ நிறுத்தவுடனே காசு கொடுக்கிறார், விலையும் கூட. அப்படியிருந்தும் அப்பெண்கள் பாதி மீனை இன்னமும் முதலாளிக்கே கொடுக்கிறார்கள். நமக்கு இது விளங்காமல், மூத்தவரிடம் காரணம் கேட்டோம்.

“தங்கச்சி இங்கை இருக்குமட்டும் சரி ஐயா. அவ வெளிநாட்டுக்குப் போயிட்டா? மழைக்கை அரிசிக்கு ஆர் காசு தருவினம்? முதலாளியோடை கோவிக்கேலாது.”

மாணவியின் முகம் சற்று வாடிற்று. அவருடைய கணவர் கனடாவுக்கு விண்ணப்பித்திருப்பதை ஊர் அறியும். நம் மனத்தில் அப்பெண்களிடம் மதிப்பே உண்டாயிற்று. வந்த கடைகளும் போன கடைகளும் அவர்கள் கண்டவையே. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அருகிலுள்ள எருக்கலம்பிட்டி முதலான ஊர்கள் சில நாட்களில் வெறிச்சோடின. போனவர்கள் புத்தளத்தில் பல்லாண்டு காலம் அகதிகளாய் வாழ்ந்தார்கள். இக்கரையில், நாளைக்கும் இருப்பேன் என்பவர் சொல்லுக்கு உடனே கடன் கிடைப்பதில்லை.

நகரத்துத் தொழிலைக் கிராமத்துக்குக் கொண்டு சென்றவர்கள் வேறிடங்களிலும் உளர். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோ நிறுவனம் 2011ஆம் ஆண்டில் அலுவலகம் திறந்தது. பின்னர் அவரே அப்பக்கம் குடியேறினார். அது பெரிய நிறுவனம். பேசாலைக் கொட்டகையோடு ஒப்பிடுவது மலையையும் மடுவையும் ஒப்பிடுவதாகும். எனினும் ஒன்றைக் கவனிக்கலாம். அந்நிறுவனம் பட்டம் பெறாத இளைஞருக்கும் தொழிலைக் கற்பிக்கத் தன் பாடசாலையையும் அங்கே நடத்துகிறது. கணினியைத் தூக்கிச் செல்வது எளிது. ஊர்ப் பிள்ளைக்குள் இறங்கிய வித்தையைத் தூக்கிச் செல்வது எளிதன்று. மறிச்சுக்கட்டியில் ஏலம் கூறியவரும் கணக்கு எழுதியவரும் வெளியார். அவர்களோடு வித்தையும் கப்பலேறிற்று.

இதனை நாம் சொன்னபோது மாணவி மறுமொழி சொல்லாமல் உள்ளே நோக்கி ஒரு பெயர் சொல்லி அழைத்தார். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த ஒரு பெண் வந்தாள். நம்மோடு பேசிய மூத்தவரின் மகளாம். படமெடுப்பதும், வாடிக்கையாளருக்கு மறுமொழி எழுதுவதும், கூரியர்க் கணக்குப் பார்ப்பதும் இப்போது அவள் வேலை. ஆறு மாதமாக விலை நிர்ணயமும் அவளுடையதே. “நான் சொன்ன விலையை இவ இரண்டு தரம் மாத்திப்போட்டா சேர்” என்று மாணவி முறையிட்டார். முறைப்பாட்டில் பெருமையே மிகுந்திருந்தது. கணவருக்கு விசா வந்தால் என் செய்வீர் என்று நாம் கேட்கவில்லை. கேட்காமலே, கடையின் வங்கிக் கணக்கை இருவர் பெயரிலும் மாற்றுவதற்குப் பட்டினத்துக்குப் போய்ப் பத்திரங்கள் வாங்கி வந்திருப்பதைச் சொன்னார். அப்பெண்ணின் தாய் இன்னும் சம்மதிக்கவில்லையாம். கடன் வந்தால் மகள் பெயரிலும் வருமே என்று அஞ்சுகிறாராம்.

பிளேன்டீ வந்தது, பனங்கட்டித் துண்டு ஒன்றும் கூட வந்தது. அந்தப் பெண் கைப்பேசியைப் பார்த்து, டொரன்டோவில் யாருக்கோ மறுமொழி தட்டெழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாய் பிள்ளை என்று கேட்டோம். கட்டாக் கருவாடு ஐந்து கிலோ கேட்கிறார்களாம். மூன்று கிலோதான் நன்றாகக் காய்ந்திருக்கிறது, மிச்சம் வரும் புதன்கிழமை என்று எழுதுகிறாளாம்.