பாய் விரித்த சபை

லெந்து நாட்கள் வந்துவிட்டதை எங்கள் பக்கத்தில் முதலில் தெரிந்துகொள்வது பூக்காரம்மாதான். சாம்பல் புதன் விடிந்ததும் வாடிக்கை வீடுகளில் பாதி, "இனி ஈஸ்டருக்கு வாங்க" என்று சொல்லிவிடும். அடுத்துக் கறிக்கடைக்குத் தெரியும். அதற்கும் அடுத்துக் கல்யாண மண்டபத்துக்கு. திருநெல்வேலிச் சீமையின் சி.எஸ்.ஐ. சபைகளில் இந்த நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை. பெண் பார்க்கப் போவதைக்கூடத் தள்ளிப்போடுகிற வீடுகள் உண்டு. கோவிலில் பீடத்து விரிப்பு ஊதா நிறத்துக்கு மாறிவிடும்.

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், அதில் உபவாசம் இல்லை என்று ஆறு ஞாயிறுகளைக் கழித்துவிட்டுத்தான் 40 என்கிறோம். எங்கள் இளவட்டங்களுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். ஞாயிறு லெந்தில் சேராது என்றால் அன்றைக்குக் கறி சாப்பிடலாமா என்று வருஷா வருஷம் ஐயரிடம் கேட்பார்கள் (போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் அழைப்போம்). ஐயர் சிரித்து நழுவிவிடுவார். வீட்டு ஆச்சிகள் நழுவமாட்டார்கள். அங்கே 46-ம் 46-தான்.

கறியை விடுவது, பூவை விடுவது, சிலர் தாடி வளர்ப்பது எல்லாம் சரிதான். குறை சொல்லவில்லை. ஆனால் எதை விட்டோம் என்று பேசிப் பேசியே லெந்தைப் பட்டினிக் கணக்காக ஆக்கிவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இந்த நாட்களில் ஒரு சபைக்கு உண்மையில் நடக்கிற காரியம், விடுவதில் இல்லை, கூடுவதில் இருக்கிறது என்பது என் கட்சி. அதுவும் கோவிலில் கூடுவதைச் சொல்லவில்லை. சாயங்காலம் வீடு வீடாக நடக்கிற ஜெபக்கூட்டத்தைச் சொல்கிறேன்.

ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கும்போதே அந்த வாரம் எந்தத் தெரு, யார் வீடு என்று பட்டியல் வந்துவிடும். கோவிலில் வருஷம் முழுக்க அவரவருக்கு ஒரு பெஞ்சு. எழுதிவைக்காத பட்டா அது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் உட்காருகிற இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக் கூட்டத்தில் அது செல்லாது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பாய் விரித்திருப்பார்கள்; முந்தி வந்தவருக்குச் சுவர், பிந்தி வந்தவருக்கு வாசல்படி. பீடி சுற்றுகிற அக்கா வீட்டில் கூட்டம் என்றால் சுளவைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருப்பாள். புகையிலை நெடி மட்டும் ஜெபம் முடிகிற வரை எங்களோடு உட்கார்ந்திருக்கும். அந்த நெடியில் முழங்கால்போட்ட பிறகு, அவள் ஞாயிற்றுக்கிழமை ஏன் இருமுகிறாள் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எந்த வீட்டில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாக இருக்கிறார், எந்த வீட்டில் பிளஸ் டூ பிள்ளை நாளைக்குக் கணக்குப் பரீட்சையை வைத்துக்கொண்டு அடுக்களையில் படிக்கிறது: சபை தன்னைப் பற்றித் தெரிந்துகொள்வது இந்தப் பாயில்தான். லெந்தும் அரசுப் பொதுத்தேர்வும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து தொலைக்கின்றன. அதனால் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஜாடை காட்டுவதும் வழிபாட்டில் ஒரு பகுதி.

பாட்டு என்றால் ஆர்கன் கிடையாது. யாராவது ஒரு ஆச்சி எடுத்துக்கொடுப்பார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர் என்பதால், அவர் கீர்த்தனைகளை எங்கள் ஊர்ப் பாட்டாகவே எண்ணிக்கொள்வோம். பாடுகளைப் பற்றிய கீர்த்தனைகளைக் கோவிலில் பாடும்போது ராகம் ஒழுங்காக இருக்கும். வீட்டில் பாடும்போது கிட்டத்தட்ட ஒப்பாரியாகிவிடும். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது.

பாட்டு முடிந்தால் வேதபாடம். பேசுகிறவர் இறையியல் படித்தவராக இருக்கமாட்டார். தபால்காரராக இருப்பார், சத்துணவு அமைப்பாளராக இருப்பார். பேச்சு சுமார்தான். ஆனால் கன்வென்ஷன் மேடையில் பேசுகிற பெரிய பிரசங்கியாரிடம் யாரும் கை தூக்கிக் கேள்வி கேட்க முடியாது. இங்கே கேட்கலாம். ஒருமுறை சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றிப் பாடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஆச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: "ஏழும் ஒரே சுவிசேஷத்தில இல்லியே. மத்தேயுவில தேடுனா ஒண்ணுதான் கெடக்கு. பெறவு இந்த ஏழையும் யாரு சேத்து வச்சா?"

கேள்வி சரி. லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று, மத்தேயுவிலும் மாற்குவிலும் அதே ஒன்று. நான்கு பேர் எழுதியதைப் பிற்காலத்தார் கோத்துத்தான் ஏழு ஆக்கினார்கள். பெரிய வெள்ளி அன்று பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை உட்கார்ந்து அந்த ஏழையும் வரிசையாகத் தியானிக்கிற வழக்கத்துக்கு இன்னும் வேடிக்கையான பூர்வீகம். தென்னமெரிக்காவில், பெரு நாட்டின் லிமா நகரில் அலோன்சோ மெஸ்ஸியா என்ற இயேசு சபைக் குரு தொடங்கிவைத்தது. அவர் 1732-ல் இறந்தார். வழக்கம் ரோமுக்குப் போனது; ஸ்பெயினின் காடிஸ் நகரத்தில் இதே ஆராதனைக்காக 1780-களில் ஹைடன் இசை எழுதினார்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் சபையார் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆங்கிலிக்கன் மரபும் சேர்ந்து 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை (அதாவது எங்கள் சி.எஸ்.ஐ.) ஆனது. ஆக, கத்தோலிக்கரைக் கண்டால் ஒரு காலத்தில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட எங்கள் ஊர் வேதக்காரர்கள், ஒரு இயேசு சபைக் குரு போட்டுத்தந்த நிரலைத்தான் வருஷாவருஷம் பக்தியோடு நடத்திக்கொண்டிருக்கிறார்கள். இதை நான் சொன்னபோது அந்த ஆச்சி அசரவில்லை. "நல்லதா இருந்தா யாரு குடுத்தா என்ன?" என்றுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார்.

கூட்டம் முடிந்ததும் சுக்குக் காபி. இதில்தான் சிக்கல். முதல் வாரம் சுக்குக் காபி மட்டும் இருக்கும். இரண்டாம் வாரம் ஒரு வீட்டில் சுண்டல் சேரும். மூன்றாம் வாரம் வடை வந்துவிடும். நாலாம் வாரம், வடை சுட வசதியில்லாத வீட்டுக்காரர் ஐயரிடம் மெல்ல வந்து, "எங்க வீட்டுல இடம் பத்தாது ஐயா, வேற வீட்டுல வச்சிருங்க" என்பார். இடம் இருக்கும், வடைதான் இருக்காது. சேகரக் கமிட்டி ஒருமுறை "காபி தவிர வேறு எதுவும் கூடாது" என்று தீர்மானம் போட்டபோது வசதிக்காரர்கள் சிலருக்கு வருத்தம். விருந்தோம்பலுக்குத் தடையா என்று கேட்டார்கள். லெந்துக்கென்று எந்தச் சபையாவது ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்த விதியைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

2025-லும் 2026-லும் சாம்பல் புதன் வந்த அதே வாரத்தில் ரமலான் நோன்பும் தொடங்கியது. பாளையங்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மேலப்பாளையம். அங்கே நோன்புக் கஞ்சி காய்ச்சிய காலத்தில் இங்கே வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம். இரண்டும் ஒரே வெயிலில். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு அக்கா, பக்கத்துக் கடை பாய் வீட்டிலிருந்து வந்த கஞ்சியைத் தன் உபவாசம் முடிகிற வரை மூடி வைத்திருந்து, மாலையில் அதைத்தான் குடித்தாள்.

எங்களுக்குக் கஞ்சி பெரிய வெள்ளியன்று. மூன்று மணி நேர ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கோவில் வளவில் அண்டாவில் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் தயாராக இருக்கும். அதற்குமுன் ஏழு பேர் பேசி முடிக்க வேண்டும். யாருக்கு எந்த வார்த்தை என்பதில் சின்ன அரசியல் உண்டு. மன்னிப்பைப் பற்றிய முதல் வார்த்தைக்கு எப்போதும் போட்டி. கைவிடப்பட்ட கதறலான நான்காவதை யாரும் விரும்பி வாங்குவதில்லை. அது ஐயர் தலையில் விழும். தாகத்தைச் சொல்லும் ஐந்தாவது நாலாவதை ஒட்டி வருவது. அதற்குள் கேட்கிற ஜனத்துக்கும் நாக்கு வறண்டிருக்கும்.

ஒரு வருஷம் ஐந்தாம் வார்த்தையை ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டருக்குக் கொடுத்தார்கள். வீட்டுக் கூட்டங்களில் பின்னால் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் போகிறவர். அவர் பிரசங்கம் பண்ணவில்லை. தொட்டி எத்தனை மணிக்கு நிறையும், வால்வைத் திறந்தால் தண்ணீர் முதலில் எந்தத் தெருவுக்கு ஓடும், கடைசித் தெருவுக்குப் போய்ச் சேருவதற்குள் ஏன் அழுத்தம் செத்துப்போகும், முன்தெருவில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் பின்தெருவில் குழாய் எப்படிக் காற்றைக் கக்கும் என்று சொன்னார். யார் பேரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த நாற்பது நாளில் எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் போய்வந்திருந்தோம், எந்த வீட்டு முற்றத்தில் மோட்டார் இருக்கிறது என்பது பாயில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் தெரியும். பிறகு தாகமாயிருந்தவருக்குக் காடியைக் கொடுத்த கதையை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிகூட ஆகியிருக்காது.

கஞ்சி வரிசையில் கடைசித் தெருக்காரர்கள் நாலைந்து பேர் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். "அதெல்லாம் சரி அண்ணாச்சி, எங்க பக்கம் எப்பம் தொறப்பிய?" அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டே, திங்கட்கிழமையிலிருந்து பின்தெருவுக்கு முதல் முறை என்றார். முன்தெருத் தலைமையாசிரியர் இரண்டு பேருக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.